அன்று வராத எட்டாவது ஆள்

தம்பி,

உன் கல்யாணத்துக்கு அழைக்க வேண்டியவர்களின் பட்டியலைப் போனில் அனுப்பியிருந்தாய். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். முதல் பெயரே "பாக்கியம் சித்தி, பெரகலை" என்று இருந்தது. அதற்குக் கீழேதான் உன் மாமா, அத்தைமார், ஊர்க்காரர்கள் எல்லாம். "சித்திக்கு நானே நேர்ல போய்ப் பத்திரிகை வைக்கிறேன், நீங்க அலைய வேணாம்மா" என்றும் எழுதியிருந்தாய். நல்லது. அப்படித்தான் செய்ய வேண்டும். ஆனால் நீ அந்த வீட்டு வாசலில் போய் நிற்பதற்கு முன்னால் உனக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும். ஏழு வருஷமாக உன்னிடம் ஒரு பொய்யைச் சொல்லி வைத்திருக்கிறேன். போனில் சொல்லிவிடலாமென்று இந்த வாரம் மூன்று தடவை எடுத்தேன். ஒரு தடவை நீ மீட்டிங்கில் இருந்தாய். ஒரு தடவை பஸ்ஸில் இருந்தாய், இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாவது தடவை நீ நிதானமாகத்தான் பேசினாய். எனக்குத்தான் வாய் வரவில்லை. குளிராக இருக்கிறது, சால்வை போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று ஏதோ சொல்லி வைத்துவிட்டேன்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. கீழே தையல் கூடத்தைத் திறக்கவில்லை. காலையில் சந்தைக்குப் போய் இரண்டு பீட்ரூட்டும் ஒரு கட்டுக் கீரையும் வாங்கி வந்தேன். ஒருத்திக்குச் சமைப்பதற்கு அதுவே அதிகம். பதுளையில் மத்தியானத்திலிருந்து மழை. மேல் வீட்டில் நானும் ரேடியோவும் மட்டும். அதில் பேசுகிறவர்களுக்கு நான் சில நேரம் பதில் சொல்கிறேன். சிரிக்காதே. நீ கொழும்புக்குப் போன பிறகு வந்த பழக்கம் அது. போன மாதம் புது வேலை கிடைத்த அன்று நீ எடுத்து, "அம்மா, கொள்முதல் பிரிவுல போட்டிருக்காங்க. இனிமே ஊர் ஊராப் போயி சப்ளையருங்களுக்கு நான்தான் மார்க்கு போடணும்" என்று சொன்னாய். உன் குரலில் இருந்த சந்தோஷம் எனக்கும் வந்தது. சிரித்தேன். போனை வைத்த பிறகு படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் தம்பி, மார்க்கு போட ஒருவர் வந்தால் ஒரு சின்ன இடத்தில் என்னவெல்லாம் நடக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் வருவதற்கு முதல் நாள் நடப்பதும் தெரியும்.

பாக்கியம் எனக்கு யார் என்று உனக்குப் பாதிதான் தெரியும். தெமோதரைக்கு மேலே இருக்கும் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசையில் அடுத்தடுத்த ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்தவர்கள் நாங்கள். அவள் என்னைவிட இரண்டு வயது இளையவள். நான் கொழுந்து எடுக்கப் போனேன். அவளைக் கொழுந்தைத் தூளாக்குகிற தேயிலை ஸ்டோரில் வேலைக்குப் போட்டார்கள். பத்தொன்பது வயதில் ரோலரில் அவளுடைய இடது கை மாட்டி, சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் போய்விட்டன. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஆறு மாதம் அவள் யாருக்கும் கையைக் காட்டவில்லை. அப்போது தோட்டத்துக்குத் தையல் சொல்லிக் கொடுக்க ஒரு டீச்சர் வாரம் ஒரு நாள் வருவார். நான் போனேன், அவளையும் இழுத்துக்கொண்டு போனேன். விரல் இல்லாத கையால் துணியை அவள் அழுத்திப் பிடித்தபோது துணி நகரவே இல்லை. மற்றவர்களுக்கு ஐந்து விரலும் இருந்து தையல் பாம்பாகப் போகும். அவளுக்கு நூல் பிடித்த மாதிரி போகும். டீச்சர் அதைத் தூக்கிக் காட்டி எல்லாரையும் பார்க்கச் சொன்னார். அன்றைக்குத்தான் பாக்கியம் கையை முந்தானைக்குள்ளிருந்து வெளியே எடுத்தாள்.

உன் அப்பா தவறிப்போனபோது உனக்கு மூன்று வயது. தோட்டத்தைவிட்டு பதுளைக்கு வந்து ஒரு பழைய மெசினோடு நான் கடை போட்டேன். பாக்கியத்தின் புருஷன் அவளையும் மகளையும் விட்டுவிட்டுப் போய் அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. "அக்கா, ரெண்டு வீட்டுக்கும் சேத்து ஒரு அடுப்பு போதும்ல?" என்று கேட்டுக்கொண்டு பிள்ளையோடு வந்து சேர்ந்தாள். நான் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக, கடை கடையாக ஆர்டர் கேட்டு அலைந்தபோது உனக்குச் சோறு ஊட்டியது அவள். உன்னைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டது அவள். உனக்கு அம்மை போட்டபோது பதினோரு நாள் உன் பக்கத்தில் கிடந்தது அவள். ஒரு மெசின் எட்டு மெசினாக ஆனது. கூடத்தில் சின்னப் பெண்கள் வேலைக்கு வந்தார்கள். அதுவரை என்னை "நீ, வா, போ" என்று பேசிக்கொண்டிருந்தவள், அந்தப் பெண்களுக்கு முன்னால் "நீங்க, வாங்க" என்று பேசத் தொடங்கினாள். அப்படிப் பேசு என்று நான் சொல்லவில்லை. வேண்டாமென்றும் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் வந்த அந்த ஹோட்டல் கம்பனியின் விஷயத்தில் நீயும் இருந்தாய், ஞாபகம் இருக்கும். மலைநாட்டில் அவர்களுக்கு ஐந்தாறு பெரிய ஹோட்டல்கள். கட்டில் விரிப்பு, தலையணை உறை, சமையல்காரர்களின் ஏப்ரன், மேசைத் துணி எல்லாவற்றுக்கும் புதிதாகத் தையல்காரர்களைத் தேடுகிறார்கள், யாரும் விண்ணப்பிக்கலாம் என்று கேள்விப்பட்டோம். அதற்கு முன்னால் இந்த மாதிரி வேலையெல்லாம் எப்படிப் போகும்? மனேஜரின் மச்சானுக்குப் போகும். இல்லாவிட்டால் அவருக்குத் தெரிந்த ஒருவருக்குப் போகும். லயத்திலிருந்து வந்த ஒருத்தி உள்ளே போய்க் கேட்க முடியாது. அதனால் அந்தப் படிவம் வந்தபோது எனக்குப் பயத்தைவிட மரியாதைதான் வந்தது. பதினாறு பக்கம், எல்லாம் ஆங்கிலம். நீ பல்கலைக்கழக விடுமுறையில் வந்திருந்தாய். மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் சொன்னாய். வியாபாரப் பதிவு இருக்கிறதா, மாதத்துக்கு எத்தனை உருப்படி தைக்க முடியும், சொன்ன நாளில் கொடுப்பீர்களா, கரண்ட் போனால் என்ன செய்வீர்கள், தீ அணைக்கும் கருவி இருக்கிறதா, பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் வேலை செய்கிறார்களா, முன்பு யாருக்குத் தைத்துக் கொடுத்தீர்கள், அவர்களிடம் விசாரிக்கலாமா. "பணியாளர் எத்தனை பேர்?" என்று கேட்டாய். பாக்கியம் வெட்டு மேசையிலிருந்தே சத்தமாக, "எட்டுன்னு போடு தம்பி, என்னையும் சேத்து" என்றாள். நீ எட்டு என்று எழுதினாய்.

அதற்குப் பிறகு நீ திரும்பப் பேராதனைக்குப் படிக்கப் போய்விட்டாய். அங்கிருந்து பின்னால் நடந்தது உனக்குத் தெரியாது.

படிவத்தைப் பார்த்துப் பலரைக் கழித்துவிட்டு, மிச்சமிருந்தவர்களிடம் மாதிரி கேட்டார்கள். ஒரு ஏப்ரன், ஒரு தலையணை உறை. அவற்றை அவர்களுடைய சலவைக்கூடத்தில் கொதிக்கிற தண்ணீரில் திரும்பத் திரும்பத் துவைத்து, சுருங்குகிறதா, தையல் விடுகிறதா என்று பார்ப்பார்களாம். தலையணை உறையைப் பாக்கியம்தான் தைத்தாள். உள்ளே பிசிறே தெரியாமல் மடித்து இரண்டு தையல். உள்பக்கத்தைத் திருப்பினால் எது உள்ளே, எது வெளியே என்று சொல்ல முடியாது. மூன்று வாரம் கழித்துப் போன் வந்தது. மாதிரி நன்றாக இருக்கிறது, அடுத்த வியாழக்கிழமை இடத்தைப் பார்க்க வருகிறோம் என்றார்கள். எதையெல்லாம் பார்ப்பார்கள் என்று ஒரு தாளும் அனுப்பினார்கள். அந்தத் தாளில் ஒரு கேள்வி: வேலையிடத்தில் யாருக்காவது காயம் ஏற்பட்டிருக்கிறதா? அதற்கு நிறைய மார்க்கு.

அந்த ஒரு வாரம் நாங்கள் செய்தது கொஞ்சமல்ல. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். மூலையில் கிடந்த வெட்டுத் துண்டுகளை மூட்டை கட்டி மேலே ஏற்றினோம். முதலுதவிப் பெட்டி வாங்கி ஆணியடித்து மாட்டினோம். பாக்கியம் எட்டு மெசினையும் கழற்றி எண்ணெய் போட்டுத் துடைத்தாள். புதன்கிழமை சாயந்திரம் பெண்கள் போன பிறகு அவள் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். துடைப்பத்தைப் பிடித்திருந்த அந்த இடது கையை நான் பார்த்தேன். இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகப் பார்க்கிற கைதான். அன்றைக்குக் கொழும்பிலிருந்து வருகிறவர்களின் கண்ணால் பார்த்தேன். மெசின் இருக்கிற இடத்தில் விரல் இல்லாத ஒருத்தி. இங்கேதான் போயிருக்கும் என்று நினைப்பார்கள். இல்லையென்று எத்தனை சொன்னாலும் நம்புவார்களா? அந்த ஒரு கேள்வியில் எல்லாம் போய்விடும் என்று பயந்தேன்.

"பாக்கியம், நாளைக்கு நீ ஓய்வெடுத்துக்க. தெமோதரைக்குப் போயி அண்ணனைப் பாத்துட்டு வா. ரொம்ப நாளாச்சுல்ல" என்றேன்.

"நாளைக்கா? நாளைக்குத்தானேக்கா அவங்க வாறாங்க?"

"அதான். அவங்க வந்தா வேலை ஒண்ணும் ஓடாது. சும்மா நிக்கணும். நீ போயிட்டு வா."

அவள் கூட்டுவதை நிறுத்தினாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள். துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, அந்தக் கையை மெல்ல முந்தானைக்குள் எடுத்துக்கொண்டாள். "சரிக்கா" என்றாள். அவ்வளவுதான். என்னைக் கேட்டிருக்கலாம். சண்டை போட்டிருக்கலாம். அவள் ஒன்றும் கேட்காததால், அவளுக்குப் புரியவில்லை என்று நான் என்னையே நம்ப வைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை இரண்டு பேர் வந்தார்கள். ஓர் இளைஞன் கம்பியூட்டரோடு. கூட ஐம்பது வயது இருக்கும் ஓர் அம்மா. கொழும்புத் தமிழில் பேசினார். நல்ல மனுஷி. நான் அடுக்கி வைத்திருந்த கேக்கையும் பெட்டிஸையும் தொடாமல் பெண்களுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி மட்டும் குடித்தார். ஒவ்வொன்றையும் எதற்காகக் கேட்கிறார் என்று சொல்லிச் சொல்லிக் கேட்டார். "ஊசி உடைஞ்சா என்ன பண்ணுவீங்க?" என்றார். "தூக்கிப் போட்டுட்டு வேற போடுவோம் மேடம்" என்றேன். "இல்லம்மா. உடைஞ்ச துண்டு எல்லாத்தையும் தேடி எடுத்து, ஒரு புத்தகத்துல ஒட்டி, தேதி எழுதி வைக்கணும். ஒரு துண்டு கெடைக்காட்டி, அந்த நேரம் தைச்ச துணி வெளியே போகக்கூடாது. ஒரு பிள்ளை அந்தத் தலையணையில தலை வைக்கும்ல?" என்றார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, புத்தியும் வந்தது. இவ்வளவு நாளாக அதை நாங்கள் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், மார்க்கு போடுகிற வேலையை நான் கெட்ட வேலை என்று சொல்ல வரவில்லை. அன்று தொடங்கிய அந்த ஊசிப் புத்தகத்தை இன்றுவரை நான் வைத்திருக்கிறேன்.

பிறகு அவர் படிவத்தைப் புரட்டினார். கூடத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"எட்டுப் பேர்னு போட்டிருக்கீங்க. நான் எண்ணினா ஏழுதான் வருது."

"ஒருத்தருக்குக் காய்ச்சல் மேடம்."

ஆட்கள் கையெழுத்துப் போடும் வரவுப் புத்தகத்தைப் பார்த்தார். பையிலிருந்து அந்தத் தலையணை உறையை எடுத்தார். அத்தனை தடவை துவைத்தும் அது அப்படியே இருந்தது. உள்பக்கத்தைத் திருப்பி, தையல்மேல் விரலை ஓட்டிக்கொண்டே, "இதை யாரு தைச்சது?" என்று கேட்டார்.

தம்பி, அந்த இடத்தில் நான் அவள் பெயரைச் சொல்லியிருக்கலாம். காய்ச்சலில் இருக்கிறவள்தான் தைத்தாள் என்று சொல்லியிருந்தால்கூடப் பொய் பாதியாகக் குறைந்திருக்கும். ஆனால் அப்படிச் சொன்னால் அவளைப் பார்க்க வேண்டும் என்பார்கள், இன்னொரு நாள் வருவார்கள் என்று என் மனம் அவசரமாகக் கணக்குப் போட்டது. "நான்தான்" என்றேன். ஆறு பெண்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"அப்படியா, ரொம்ப நல்லா இருக்கு. ஒண்ணு தைச்சுக் காட்டுங்களேன், பாப்போம்" என்றார். சந்தேகப்பட்டுக் கேட்ட மாதிரித் தெரியவில்லை. ஆசையாகத்தான் கேட்டார். நான் பாக்கியத்தின் மெசினில் உட்கார்ந்தேன். என் தையல் மோசமில்லை என்று உனக்குத் தெரியும். உன் பள்ளிக்கூடச் சட்டையெல்லாம் நான் தைத்ததுதான். ஆனால் அது பாக்கியத்தின் தையல் இல்லை. மூலையில் துணி கொஞ்சம் சுருங்கியது. அந்த அம்மா இரண்டு உறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். என்னையும் பார்த்தார். "நன்றிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏதோ எழுதிக்கொண்டார்.

முடிவு வந்தபோது எங்களை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஏப்ரனுக்கும் மேசைத் துணிக்கும் மட்டும். விரிப்பும் உறையும் வேறொருவருக்குப் போயிற்று. எங்கே எத்தனை மார்க்கு என்று ஓர் அறிக்கையும் வைத்திருந்தார்கள். உன்னிடம் அனுப்பி வாசிக்கச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அரசாங்கக் கச்சேரிக்கு முன்னால் மனு எழுதிக் கொடுக்கிற பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். சுத்தத்துக்கு நல்ல மார்க்கு. விலைக்கு நல்ல மார்க்கு. காயம் பற்றிய கேள்விக்கு முழு மார்க்கு. கடைசியில் கையால் எழுதிய ஒரு குறிப்பு இருந்தது. "மாதிரி உறையின் தையல் நாங்கள் பார்த்தவற்றில் மிகச் சிறந்தது. அதைத் தைத்தவரை நேரில் காண முடியவில்லை. ஆகவே இதே தரத்தில் தொடர்ந்து கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது." பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "யாரும்மா அது, தைச்சவங்க?" என்று கேட்டார். நான் தாளை வாங்கி மடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அவளை மறைத்தால்தான் கிடைக்கும் என்று மறைத்தேன். அவளை மறைத்ததால்தான் கிடைக்காமல் போனது.

பாக்கியத்துக்கு எல்லாம் தெரிந்திருந்தது. வெள்ளிக்கிழமை காலையிலேயே பெண்களில் ஒருத்தி சொல்லிவிட்டாள். அதைப் பாக்கியம் என்னிடம் காட்டிக்கொள்ளவில்லை. முதல் ஏப்ரன் ஆர்டரை இரண்டு மாதம் இருந்து, ஒரு உருப்படிகூடத் திரும்பி வராதபடி முடித்துக் கொடுத்தாள். லொறி ஏறிப் போன அன்று மத்தியானம், தன் துணிகளை ஒரு பையில் கட்டிக்கொண்டு கீழே இறங்கி வந்தாள். பெரகலையில் மகளுக்குப் பிரசவ நேரம், போகிறேன் என்றாள். எத்தனை நாளில் வருவாய் என்று கேட்டேன். வரமாட்டேன் என்றாள். அப்போதுதான் நான், "பாக்கியம், அன்னைக்கு ஒன் கையைப் பாத்து அவங்க தப்பா நெனச்சிருவாங்களோன்னுதான்…" என்று தொடங்கினேன்.

அவள் பையைக் கீழே வைத்தாள். ஆறேழு வருஷத்துக்குப் பிறகு என்னை மறுபடி நீ என்று கூப்பிட்டுப் பேசினாள்.

"கையத்தான் நீ மறைக்கச் சொல்றேன்னு நெனச்சேன்க்கா. அதுகூடப் பரவால்ல. நானே எத்தன வருஷம் மறைச்சு வச்சிருந்தேன். கை வேலையையும் சேத்தா மறைச்ச?"

அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். நான் பதில் சொல்வேன் என்றுதான் காத்திருந்தாள், இப்போது நினைத்தால் அது தெரிகிறது. பிறகு பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போனாள். நான் கூடப் போகவில்லை. அடுத்த விடுமுறைக்கு நீ வந்து, "சித்தி எங்கேம்மா?" என்று கேட்டாய். "மகளுக்குப் பிள்ளை கிடைச்சிருக்கு, பேரப்பிள்ளையப் பாத்துக்கப் போயிட்டா" என்றேன். பிள்ளை பிறந்தது உண்மைதான். உண்மையை வைத்துச் சொன்ன பொய் அது. நீ நம்பினாய். தீபாவளிக்கு அவளுக்குப் போன் பண்ணுகிறாய், அவளும் உன்னிடம் நன்றாகப் பேசுகிறாள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாக உன்னிடம் சொல்லவில்லை, இல்லையா? சொல்லமாட்டாள். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

அந்த ஹோட்டல் வேலை மூன்று வருஷம் ஓடியது. வருஷத்துக்கு ஒரு தடவை மறுபடி மார்க்கு போடுவார்கள். சொன்ன நாளில் கொடுத்தோமா, எத்தனை திரும்பி வந்தது, குறை சொன்னால் எவ்வளவு சீக்கிரம் பதில் சொன்னோம் என்று. பாக்கியம் போன பிறகு திரும்பி வருவது கூடியது. நான்காவது வருஷம் ஒரு கடிதம் வந்தது. பல பேரிடம் வாங்குவதைக் குறைத்து, எல்லாவற்றையும் ஒரே பெரிய தையல் கம்பனியிடம் வாங்கப் போகிறோம், இத்தனை காலம் செய்ததற்கு நன்றி. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் சொன்ன மாதிரியே தேர்ந்தெடுத்தார்கள், சொன்ன மாதிரியே நிறுத்தினார்கள். இப்போது மூன்று மெசின்தான் ஓடுகிறது. பள்ளிக்கூட உடுப்பு தைக்கிறோம். மற்ற ஐந்தும் உறை போட்டு நிற்கின்றன. பெண்கள் நான்கு மணிக்குப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு கூடத்தில் ஒரு சத்தமும் இருக்காது. ஒரு காலத்தில் இந்த இரைச்சலில் தலை வலிக்கிறது என்று பாக்கியத்திடம் புலம்பியவள் நான். இப்போது சில சாயந்திரங்களில் கீழே போய் வெறும் மெசினைக் கொஞ்ச நேரம் மிதித்துவிட்டு வருகிறேன்.

போன வருஷம் ஒரு நாள், இன்றைக்குச் சொல்லியே தீர்வது என்று பெரகலைக்குப் போனேன். பண்டாரவளை, அப்புத்தளை எல்லாம் தாண்டுகிறவரை என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். சந்தியில் இறங்கியபோது முகில் மூடியிருந்தது, எதிரே இருந்த கடைகூடத் தெரியவில்லை. அவள் வீட்டு முன் அறையில் ஒரு மெசின். சுவரில் தைத்து முடித்த ரவிக்கைகள் தொங்கின. "வாங்கக்கா, வாங்க. உக்காருங்க" என்றாள். அந்த "வாங்க"வைக் கேட்டதுமே சொல்லிப் பார்த்து வந்ததில் பாதி மறந்துவிட்டது. ரவிக்கை அளவு கொடுக்க வந்த ஒரு பெண் கூடவே உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் கூட இருந்ததால்தான் சொல்ல முடியவில்லை என்று உன்னிடம் சொல்ல ஆசைதான். ஆனால் அந்தப் பெண் எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் தனியாகத்தான் இருந்தோம். பாக்கியம் கீழே பார்த்துக்கொண்டு பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறந்து, "மழை வரும் போல இருக்கு" என்றேன்.

"ஆமாக்கா. பஸ்ஸுக்கும் நேரமாச்சு" என்றாள். குடையை எடுத்துக்கொண்டு சந்திவரை என்னோடு வந்தாள். குடைக்குள்ளே நாங்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நடந்தோம், சின்ன வயதில், காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்துக்கு அப்பால் இருந்த தையல் வகுப்புக்குப் போன மாதிரி. பஸ்ஸில் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனாள். அப்புத்தளை வருகிறவரை நான் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த சிங்களப் பெண் ஒரு தோடம்பழத்தை உரித்துப் பாதியை என் கையில் வைத்தாள்.

நீ இனிமேல் இப்படிப்பட்ட கூடங்களுக்குள் போவாய். உன் கையில் ஒரு தாள் இருக்கும். அந்தத் தாளை மதி. அது இல்லாவிட்டால் மறுபடி மச்சான்மார்தான் வருவார்கள். கேட்க வேண்டியதைக் கேள், பார்க்க வேண்டியதைப் பார், கொடுக்கிற தேத்தண்ணியைக் குடி, கையில் திணிக்கிற பொட்டலத்தை வாங்காதே. ஒருவரைக் கழித்தால் எதனால் என்று அவருக்குப் புரிகிற பாஷையில் நீயே சொல். என்னை மாதிரிக் கச்சேரி வாசலில் போய் நிற்க வைக்காதே. இதெல்லாம் உனக்கே தெரிந்திருக்கும், படித்தவன் நீ. நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். நீ வருகிறாய் என்று தெரிந்ததும் அங்கே ஒருவர் இன்னொருவரை வீட்டுக்கு அனுப்பியிருப்பார். வயதானவராக இருக்கலாம், திக்கிப் பேசுகிறவராக இருக்கலாம், கால் ஊனமானவராக இருக்கலாம். அந்த ஆள்தான் அந்த இடத்தைத் தூக்கி நிறுத்துகிற ஆளாகவும் இருக்கலாம். எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகு, "இன்னைக்கு யாரு வரல?" என்று கேள். அதட்டிக் கேட்காதே. அவரையும் பார்த்துவிட்டுப் போக ஆசையாக இருக்கிறது, இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல். என்னிடம் ஒருவர் அப்படிக் கேட்டிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேனா? தெரியாது. சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொள்ள ஆசையாக இருக்கிறது.

பெரகலைக்கு ஒரு சனிக்கிழமை போ. காலையிலேயே போய்விடு, பின்னேரம் முகில் இறங்கிவிடும். சந்தியிலிருந்து கீழே இறங்கும் பாதையில், தையல் பாக்கியம் வீடு என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். பத்திரிகையை முதலில் கொடுத்துவிடாதே. முதலில் இந்தக் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டு. "நீங்க, வாங்க" என்று அவள் பேசியது எனக்குப் பிடித்திருந்தது என்று எழுதியிருக்கிறேனே, அதையும் விடாமல் வாசி. "நான்தான்" என்று சொன்ன இடத்தில் உனக்குக் கூச்சமாக இருக்கும், அங்கேயும் நிறுத்தாதே. நேருக்கு நேர் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியவில்லை. பெற்ற பிள்ளையை அனுப்பிச் சொல்லும்படி ஆகிவிட்டது. அவள் கல்யாணத்துக்கு வந்தால் மணவறைக்குப் பக்கத்தில் என்னோடு நிற்கட்டும். வராவிட்டால் வற்புறுத்தாதே.

கேட்டுவிட்டு அவள் ஏதாவது சொன்னால், அவள் சொன்ன மாதிரியே ஒரு சொல் மாற்றாமல் எனக்கு வந்து சொல். கோபமாகச் சொன்னாலும் சொல். ஒன்றுமே சொல்லாவிட்டால், உனக்குச் சாப்பிட என்ன போட்டாள் என்று மட்டும் சொல்.

அம்மா